விட்டுவிட்டதாக நினைக்கும் கை

மொட்டைமாடி வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எல்லோரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது மணிக்கட்டை மெல்லத் தூக்கிப் பிடித்தேன். "ஐயா, கையோட பாரத்தை முழுசா என்கிட்ட விட்டுடுங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலே "விட்டுட்டேன்மா" என்றார். நான் என் கையை எடுத்துக்கொண்டேன். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. இரண்டு விநாடி கழித்துத்தான் அது நிற்பது அவருக்கே தெரிந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. விட்டுவிட்டதாகத்தான் உண்மையிலேயே நினைத்தார். யோகா சொல்லித்தரும் இத்தனை வருடத்தில், முதல் நாளே கையைத் தொப்பென்று விழவிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான், "கடைசியில சும்மா படுக்கறதுதானே" என்று சவாசனத்துக்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சமையலை முடித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிறார்களே என்றிருக்கும்.

சவம் என்ற சொல் பிடிக்காமல் நம் ஊரில் பலர் இதைச் சாந்தி ஆசனம் என்பார்கள். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகை இதற்கு ஒரே ஒரு சுலோகம்தான் ஒதுக்குகிறது: பிணம்போலத் தரையில் மல்லாந்து கிடப்பது சவாசனம், அது அசதியைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும். மற்ற ஆசனங்களுக்கு முன்பா பின்பா என்று அந்தச் சுலோகம் சொல்லவில்லை. கடைசியில் செய்யும் வழக்கத்துக்கான காரணத்தை உடலியலில்தான் தேட வேண்டும்.

அந்தரத்தில் நின்ற கைக்கே வருவோம். ஒவ்வொரு தசைக்குள்ளும் அதன் நீளத்தை அளக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை சற்று நீண்டால் போதும், அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும்; அங்கிருந்து "இறுக்கு" என்று பதில் வரும். அந்த உணர்விகள் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை மூளை கூட்டிக் குறைக்கும். நாள் முழுக்கப் பரபரப்பாக இருக்கிறவரின் தோள்பட்டையும் தாடையும் வேலையே இல்லாதபோதும் தேவைக்கு மேல் இறுகியிருக்கும். மாறாமல் வந்துகொண்டிருக்கும் எந்த உணர்வையும் மூளை கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காலில் கிடக்கும் மெட்டியை யாராவது சொன்னால்தானே உணர்கிறோம்? நெடுநாள் இறுக்கமும் அப்படித்தான். இருப்பதே தெரியாத ஒன்றை எப்படி விடுவது?

இந்தக் கேள்வியைச் சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் ஆராய்ந்தார். ஓய்வாகப் படுத்திருப்பதாகச் சொல்கிறவர்களின் தசைகளிலும் மிச்ச இறுக்கம் இருப்பதைக் கண்டார். அவர் 1929இல் நூலாக வெளியிட்ட வழி எளிமையானது: முதலில் வேண்டுமென்றே இறுக்கு, பிறகு விடு. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணத்தில் துலக்கமாகத் தெரியும். ஒரு மணி நேர ஆசனப் பயிற்சி செய்வதும் இதைத்தான் என்பது என் எண்ணம். காலை அகட்டி முன்முழங்காலை மடக்கி நிற்கும் வீரபத்திராசனத்தில் நடுங்கிய தொடைக்குத்தான் சவாசனத்தில் தளர்வது என்றால் என்னவென்று தெரியும்.

பெங்களூரில் ஷிர்லி டெல்லஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. 40 ஆண்களிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். சவாசனத்தில் மட்டும் படுத்திருந்தபின் அவர்கள் செலவிட்ட ஆக்சிஜன் 10.1 சதவீதம் குறைந்தது. ஆசனங்களையும் ஓய்வையும் மாற்றி மாற்றிச் செய்தபின் 32.1 சதவீதம் குறைந்தது. உழைத்துவிட்டு ஓய்ந்த உடம்புதான் அதிகம் அடங்கியிருக்கிறது. முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படுப்பதாலேயே ரத்த ஓட்டத்திலும் ஒரு மாற்றம் நடக்கிறது. நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் இடுப்புக்குக் கீழே தங்கிவிடும். படுத்ததும் அது நெஞ்சுக்குத் திரும்புகிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணர்விகள் விரிகின்றன. மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. வேகஸ் நரம்பு வழியாக "மெதுவாகத் துடி" என்று இதயத்துக்குக் கட்டளை வருகிறது. இந்தக் கட்டளை மூச்சை இழுக்கும்போது சற்றுத் தளரும், விடும்போது வலுக்கும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டுப் பாருங்கள், பலருக்கு விரலிலேயே அது தெரியும். வெளிமூச்சை நீட்டச் சொல்வது இதற்காகத்தான்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதய மருத்துவர் கே.கே. தாத்தே, உயர் ரத்த அழுத்தம் உள்ள 47 பேருக்குச் சவாசனம் பழக்கி, 1969இல் முடிவுகளை வெளியிட்டார். மருந்து எடுக்காத பிரிவினரின் சராசரி அழுத்தம் (மேல் அளவையும் கீழ் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டது) 134இலிருந்து 107க்கு இறங்கியது. மருந்தில் இருந்த பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது. ஆனால் பயிற்சி செய்யாத ஒரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடவில்லை. அது பெரிய குறைதான். 1975இல் இங்கிலாந்தில் சந்திரா படேல் ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்விலும் அழுத்தம் குறைந்தது, ஆனால் அங்கே கருவி மூலம் உடல்நிலையைக் கண்காணிக்கும் பயிற்சியும் சேர்ந்திருந்தது. ஆகவே யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதை வகுப்பில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

செய்யும் விதத்துக்கு வருகிறேன். கால்களுக்கு இடையே ஒன்றரை அடி, உள்ளங்கை மேல்நோக்கி, கை உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி. கீழ்முதுகு வலிக்கிறவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் முதுகின் வளைவு தணியும். மேலே ஒரு போர்வை வேண்டும்: வேர்வை காயும்போது, வேலை நின்ற தசைகளிலிருந்து சூடும் குறைந்துவிடும், குளிர்ந்தால் உடம்பு மறுபடி இறுகும். மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்கக் கூடாது. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தும் என்பதால் இடப்பக்கமாகப் படுக்கட்டும்.

கவனத்தை வலது கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக நகர்த்துவது, படுத்தபடியே விழிப்போடு ஓய்வெடுக்கும் யோக நித்திரைப் பயிற்சியின் வழக்கம். மூளையில் உடம்புக்கான வரைபடத்தில் விரல்களுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கும் முழங்கையைவிடக் கட்டைவிரலில் மனசு எளிதாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு நடுவில் குறட்டை வந்துவிடும். தூக்கம் கெட்டது அல்ல, ஆனால் தூங்கிவிட்டால் இறுக்கம் அவிழ்வதைப் பார்க்க ஆள் இருக்காது. அந்த ஐயாவுக்கு ஏழு வாரம் பிடித்தது. அன்று நான் கையை எடுத்ததும் அவர் கை பாயில் பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவரே கண்ணைத் திறந்துவிட்டார்.

எழுந்திருக்க அவசரம் வேண்டாம். சட்டென்று எழுந்தால் அந்த அரை லிட்டர் ரத்தம் மறுபடி காலுக்கு இறங்கும், இதயமோ இன்னும் மெதுவாகத்தான் துடித்துக்கொண்டிருக்கும், தலை கிறுகிறுக்கும். முதலில் விரல்களை அசையுங்கள். முழங்காலை மடக்கி ஒருபக்கமாகப் புரண்டு, நாலைந்து மூச்சு அப்படியே படுத்திருங்கள். பிறகு கையை ஊன்றுங்கள், தலை கடைசியாக மேலே வரட்டும்.