குழந்தையிடம் வாக்குமூலம்: காக்கி ஏன் கூடாது?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 24-ஆம் பிரிவு. பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. வாங்க வேண்டிய இடம் வீடு, அல்லது குழந்தை விரும்பும் இடம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இரக்கத்துக்காக எழுதிய விதிகள் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்சியம் கெடாமல் இருக்கவும் இவைதான் வழி.

காரணம், ஆபத்தில் நினைவு பதியும் விதமே வேறு. பேராபத்தில் மூளையின் அமிக்டலா, அதாவது அச்சத்தை உணரும் பகுதி, உடலை உஷார்ப்படுத்த, நார்அட்ரினலின் என்ற சுரப்பு பெருகுகிறது. யோசித்து ஒழுங்குபடுத்தும் முன்மூளைப் பகுதி தளர்கிறது. அந்த நொடியில் கவனம் எதில் குவிந்ததோ அது, ஒரு வாசனையோ தாழ்ப்பாள் சத்தமோ, ஆழப் பதிகிறது. மணி, தேதி, எது முதலில் எது பிறகு என்பவை மங்கிவிடலாம். சில பதியாமலே போகலாம். உடல் உறைந்து குரல் எழாமல் போவதும் தானாக நிகழ்வது. "ஏன் கத்தல?" என்று கேட்டால் குழந்தையிடம் பதில் இருக்காது, தன்மேல்தான் தப்பு என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

"எத்தனை மணிக்கு?" என்று நெருக்கினால் குழந்தை குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லும். நீதிமன்றத்தில் வேறொன்றைச் சொல்லும். குறுக்கு விசாரணையில் அது 'முரண்பாடு' ஆகிவிடும். "அந்த மாமாதானே?" என்பது இன்னும் மோசம், பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைத் தருவது குழந்தைகளின் இயல்பு.

ஆகவே தொடக்கத்திலேயே, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், நான் தப்பா சொன்னா திருத்தலாம்" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு, "நடந்ததை உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லும்மா." குறுக்கிடக் கூடாது. மௌனம் நீண்டாலும் பொறுக்க வேண்டும். புதிய அதிகாரிகள் தடுமாறுவது இங்கேதான். அதன்பின் குழந்தையின் சொல்லையே பிடித்துக்கொண்டு, "தாழ்ப்பாள் சத்தம்னு சொன்னியே, அதைப் பத்திச் சொல்லு" என்று போகலாம். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகள் கடைசியில்தான். நேரம் தெரிய வேண்டுமானால், பள்ளிவிட்டு வந்த பிறகா, சாப்பிடும் முன்பா என்று குழந்தையின் அன்றாடத்தை ஒட்டிக் கேட்கலாம்.

குழந்தை சொன்னபடியே எழுத வேண்டும் என்கிறது 26-ஆம் பிரிவு. எளிதில் மீறப்படக்கூடியது இது. "உச்சா போற இடத்துல கை வெச்சாரு" என்று குழந்தை சொன்னதை "பாலியல் தொந்தரவு செய்தார்" என்று எழுதிவிட்டால், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாளை கேட்கும்போது குழந்தை விழிக்கும்.