அக்கார்டியன் கற்கும் பிள்ளைகள் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

"வேறு பாட்டெல்லாம் கேட்டால் பிள்ளைக்குக் கவனம் சிதறிவிடாதா, சார்?" வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். தேர்வுப் பாடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அப்படி வளர்ந்த மாணவரை வாசிக்கச் சொன்னால், வலது கை விரல்கள் பிழையின்றி ஓடும். இடது கையோ மரம் அறுப்பது போலத் துருத்தியை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். காற்று தீர்ந்த இடத்தில், இசை வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று பாராமல், துருத்தி திரும்பிவிடும். சுரமெல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

அந்தப் பெற்றோரிடம் நான் பிரெஞ்சு அக்கார்டியன் கலைஞர் ரிஷார் கலியானோவைப் பற்றிச் சொல்வேன். பிரான்சின் தென்கரையில், கான் நகரை ஒட்டிய லெ கானேயில் 1950இல் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளியான தந்தை அக்கார்டியன் ஆசிரியர். மகன் நான்கு வயதிலேயே கருவியைத் தொட்டுவிட்டார். பிறகு நீஸ் நகர இசைக் கல்லூரியில் ஹார்மனி (சுரங்களை ஒருசேர இணைப்பது), கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னுவது) ஆகியவற்றோடு டிராம்போன் என்ற ஊதுகருவியும் கற்றார். பதினான்கு வயதில் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை கிளிஃபர்ட் பிரவுனின் இசைத்தட்டுகள் அவருக்கு அறிமுகமாயின. பிரவுன் 1956இலேயே, 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனவர். அந்த டிரம்பெட் வாசிப்புகளைக் கலியானோ கேட்டுக் கேட்டு அக்கார்டியனில் பழகினார்.

டிரம்பெட் ஊதுபவர் மூச்சு வாங்கியே ஆக வேண்டும். அதனால் அவர் வாசிப்பில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற ஒழுங்கு தானாக அமைகிறது. அக்கார்டியனில் இழுத்தாலும் தள்ளினாலும் துருத்தி ஓயாமல் காற்றைத் தந்துகொண்டே இருப்பதால் அந்தக் கட்டாயம் இல்லை. நிறுத்தத் தெரியாமல் வாசித்துக்கொண்டே போகலாம். கருவி தராத இந்த ஒழுங்கை ஊதும் கருவிகளைக் கேட்டும் பாடகர்களைக் கேட்டும்தான் பெற முடியும் என்பது என் உறுதியான கருத்து. 1973இல் பாரிஸுக்குப் போன கலியானோ, பாடகர் குளோத் நூகாரோவோடு பல ஆண்டுகள் வாசித்தார். சொல்லுக்குச் சொல் ஒருவரைப் பின்தொடர்வதைவிடப் பெரிய பயிற்சி பக்கவாத்தியக்காரருக்கு வேறென்ன இருக்கிறது?

இவ்வளவும் கேட்டால் சொந்த மரபு மறந்துபோகாதா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அர்ஜென்டினாவின் டாங்கோ நடன இசைக் கலைஞர் ஆஸ்டர் பியாசொல்லா 1954இல் பாரிஸுக்கு வந்து நாடியா பூலான்ஜே என்ற இசை ஆசிரியையிடம் படித்தார். மேலைச் செவ்வியல் இசை எழுத விரும்பி வந்தவரை, அவருடைய டாங்கோவைக் கேட்டபின், "இதுதான் நீங்கள்" என்ற பொருளில் அந்த ஆசிரியை திருப்பிவிட்டார். பிற்காலத்தில் அதே பியாசொல்லா கலியானோவிடம், நான் டாங்கோவைப் புதுப்பித்தது போல நீங்கள் உங்கள் பிரெஞ்சு மியூசெட்டைப் (பாரிஸ் நடனக் கூடங்களின் அக்கார்டியன் இசை) புதுப்பியுங்கள் என்றார். 1991இல் கலியானோவின் 'நியூ மியூசெட்' இசைத்தட்டு வந்தது. ஜாஸைத் தேடிப் போனவர் அந்த ஜாஸோடுதான் வீட்டுக்குத் திரும்பினார்.

அந்த மியூசெட்டும் கலந்து பிறந்ததுதான். பிரான்சின் ஓவெர்ன் பகுதியிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர்கள் பாஸ்டீல் பக்கத்து நடனக் கூடங்களில் துருத்திக்குழல் (பேக்பைப்) வாசித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியர்களின் அக்கார்டியன் அந்த இடத்தைப் பிடித்தது. பின்னர் ஜிப்ஸி கிட்டார் கலைஞர்களும் சேர்ந்தார்கள். கலப்பில்லாத மரபு என்று எதைக் காட்டிப் பிள்ளைகளின் காதை அடைக்கப் போகிறோம்?

பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதை நான் "கேட்பது" என்று சொல்லவில்லை. ஒரு நாதஸ்வரப் பதிவோ டிரம்பெட் பதிவோ, எதுவானாலும் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கருவியைத் தொடாமல் அதை வாயால் பாட வேண்டும். மூச்சு வாங்கிய இடத்தைத் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வாசிக்கும்போது துருத்தியை அங்கே மட்டும் திருப்ப வேண்டும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களையும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.