கிரிட்டிக்: குறை சொல்பவரா, கீரை ஆய்பவரா?

போன ஜூலையில் ஒரு கூட்டத்துக்கான துண்டுப் பிரசுரத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் ஜூலை என்றால் குளிர்காலம். சர்வதேசத் திரைப்பட விழா வரும் மாதமும் பெரும்பாலும் அதுதான். விழாவுக்கு வந்திருக்கும் புதுப் படங்களைப் பற்றி கிரிட்டிக் சிலர் உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கத்து ஆட்களும் வரட்டுமே என்று நல்ல மனதோடு தமிழிலும் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தது கணினியா மனிதரா தெரியாது. மேலே பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: ‘குறைகூறுவோர் கலந்துரையாடல். அனைவரும் வருக.’

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “குறை சொல்றதுக்குத் தனியா ஒரு கூட்டமாப்பா? அதுக்குத்தான் நம்ம கல்யாண வீடு இருக்கே” என்றார்.

சிரித்துவிட்டு யோசித்தால், மொழிபெயர்த்தவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. தமிழில் ‘விமர்சனம்’ என்ற சொல் இன்று என்ன பாடு படுகிறது, பாருங்கள். செய்தியில் ஒரு தலைவர் இன்னொருவரை ‘கடுமையாக விமர்சித்தார்’ என்றால் திட்டினார் என்று அர்த்தம். ‘என்னை விமர்சிக்க நீ யார்?’ என்றால் அங்கே சண்டை ஆரம்பம். பாராட்டி எழுதியவரை யாரும் ‘அவர் என்னை விமர்சித்தார்’ என்று சொல்வதில்லை. சொல் அப்படிச் சாய்ந்துவிட்டது. சாய்வதற்கு முன் அது எங்கே நின்றது என்பதுதான் விஷயம்.

முதலில் கிரிட்டிக். கிரேக்க மொழியில் ‘க்ரினெய்ன்’ என்றொரு வினைச்சொல். பிரித்தல், தெரிந்தெடுத்தல், தீர்ப்புச் சொல்லல் எல்லாம் அதற்குப் பொருள். அதிலிருந்து ‘கிரிட்டிகோஸ்’, பிரித்தறியத் தெரிந்தவர். அதே கிளையில்தான் கிரைசிஸ் என்ற சொல்லும் முளைத்தது: இப்படியா அப்படியா என்று பிரிந்து தெரியும் கணம். இன்னும் கீழே தோண்டினால் லத்தீனில் சல்லடைக்கு இருக்கும் சொல்லும் இதற்கு உறவு. ஆக, கிரிட்டிக் என்பவர் கையில் சல்லடை வைத்திருக்கிறவர். சல்லடைக்கு யார்மேலும் கோபம் கிடையாது.

விமர்சனம் வடமொழியிலிருந்து வந்தது. ‘விமர்ஶ’ என்பதன் வேர் ‘ம்ருஶ்’. அதற்குத் தொடுதல், தடவிப் பார்த்தல் என்று பொருள். கையால் தடவிப் பார்ப்பது மனத்தால் தடவிப் பார்ப்பதாக மாறி, ஆலோசனை, ஆராய்ச்சி என்று விரிந்தது. நாட்டிய சாத்திரம் நாடகக் கதையை ஐந்து சந்தியாகப் பிரிக்கிறது. அதில் நாலாவதற்கு இதே பெயர். காரியம் கைகூடும் நேரத்தில் தடங்கல் வந்து, நாயகன் நின்று யோசிக்கும் கட்டம் அது. நின்று யோசித்தல்! படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே கைபேசியில் மூன்றரை நட்சத்திரம் போடும் நமக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்த உரிமை உண்டா என்பதே கொஞ்சம் சந்தேகம்தான். சிலர் ‘விமரிசனம்’ என்றும் எழுதுவார்கள், தவறில்லை. காதுக்கு அண்ணன் தம்பி போலிருக்கும் ‘விமரிசை’ என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி. விழா விமரிசையாக நடக்கலாம். விமர்சனம் விமரிசையாக நடந்தால் யாருக்கோ அடி விழுந்திருக்கிறது.

சரி, தமிழ்ச் சொல்? ‘திறனாய்வு’. பள்ளிக்கூடத்து வாடை அடிக்கிறதே என்று நானும் பல வருடம் இதை ஒதுக்கியே வைத்திருந்தேன். மனதை மாற்றியது அகராதி இல்லை, அத்தை.

சனிக்கிழமை காலையில் வார்விக் பக்கம் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட்டிலிருந்து கீரைக் கட்டு வரும். 1910 முதல் இருக்கிற சந்தை அது. நம் தோட்டக்காரர்களின் வியர்வையில் வளர்ந்தது. கீரை எந்த வகையானாலும் இங்கே பொதுவாக ‘ஹெர்ப்ஸ்’ என்றுதான் பேச்சு. அத்தை மட்டும் விடாப்பிடியாகக் கீரை என்பார். வாசல் வெயிலில் பழைய செய்தித்தாளை விரித்து, கட்டை அவிழ்த்து உதறுவார். முதலில் வேர் கிள்ளல். அப்புறம் ஒவ்வொரு தண்டாகக் கையில் எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட்டு இலையை உருவுவார். பழுத்தது ஒரு பக்கம், புழு அரித்தது ஒரு பக்கம், கட்டோடு வந்த புல் ஒரு பக்கம். தண்டை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் இறங்கினால் இளசு, பருப்போடு சேரும், இறங்காவிட்டால் முற்றல். பேசிக்கொண்டேதான் இருப்பார், கண் கீரையில் இருக்காது, ஆனால் விரல் தப்பு செய்யாது. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர்: ‘கீரை ஆயறது’.

ஆய்வு என்ற சொல்லின் வேர் அதுதான். பல்கலைக்கழகத்து ஆய்வும் வாசல்படிக் கீரையும் ஒரே ‘ஆய்’. தொல்காப்பியம் உரியியலில் ஆய்தலுக்குப் பொருள் சொல்கிறது: ‘உள்ளதன் நுணுக்கம்’. இருக்கிற ஒன்றே நுணுகி வருவது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதை நுட்பமாக்குவது. திருக்குறளில் இதே வினை தேர்ந்தெடுத்தல் என்ற பொருளில் வருகிறது: ‘ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை’. அப்படிக் கொள்ளாத நட்பு கடைசியில் சாகும் அளவு துயரம் தரும் என்று அந்தக் குறள் முடியும். ஒரு தடவை போதாது, ஆய்ந்து ஆய்ந்து.

இதில் எனக்குப் பிடித்தது, அத்தை பழுத்த இலையைத் திட்டுவதில்லை. நல்ல இலையும் அதே விரல்களுக்கு நடுவில்தான் போகிறது. கட்டு முழுவதும் கையில் பட்டாக வேண்டும். குறை சொல்பவருக்குப் பழுத்த இலை மட்டும் போதும். ஆய்பவருக்குக் கட்டு முழுக்க வேண்டும். கிரேக்கத்துக்காரர் சல்லடையில் கண்டதை, வடமொழிக்காரர் தொடுதலில் கண்டதை, தமிழ் விரல் நுனியில் வைத்திருக்கிறது.

‘திறன்’ என்பதும் வெறும் திறமை இல்லை. திறம் என்றால் கூறுபாடு, வகை என்றும் பொருள். ஒரு படத்தில் ஒளிப்பதிவு ஒரு கூறு, நடிப்பு ஒரு கூறு, வெட்டி ஒட்டிய விதம் ஒரு கூறு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பது திறனாய்வு. செய்பவர் திறனாய்வாளர். ஒரே ஒரு சங்கடம், வினையாக்கினால் உதைக்கும். ‘படத்தைத் திறனாய்ந்தார்’ என்று எழுதினால் வாசகர் பக்கத்தை மூடிவிடுவார். ‘திறனாய்வு செய்தார்’ என்றால் நீளம். அதனால் பேச்சில் விமர்சனம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கட்சி. ஆளின் பெயராகவும் கூட்டத்தின் பெயராகவும் வரும்போது திறனாய்வாளர், திறனாய்வு. ‘ரிவ்யூ’ வேறு. பிரெஞ்சு வழியில் வந்த அந்தச் சொல்லுக்கு மறுபடி பார்த்தல் என்று பொருள். நாளிதழில் முக்கால் பக்கத்தில் படம் எப்படி என்று சொல்லும் குறிப்பு அது. தமிழில் ‘மதிப்புரை’ அளவாகப் பொருந்தும். பிரீமியருக்கு முதற்காட்சி, ஜூரிக்கு நடுவர் குழு. இவற்றில் சிக்கல் ஒன்றும் இல்லை.

படவிழாவில் திறனாய்வாளருக்கு என்ன வேலை என்பதையும் சொன்னால்தான் இந்தச் சொல் ஏன் பொருந்துகிறது என்று விளங்கும். வணிகப் படத்துக்கு முன்பே சுவரொட்டி, பாட்டு, பேட்டி எல்லாம் வந்து நம் மனதைத் தயார் செய்துவிடும். விழாவில் முதற்காட்சி காணும் படத்துக்கு அநேகமாக எதுவும் கிடையாது. பார்த்த முதல் நூறு பேரில் ஒருவராக வெளியே வந்து, இது என்ன என்று சொல்ல வேண்டும். சில இடங்களில் சொல்வதோடு நிற்பதில்லை, பொறுக்கியெடுப்பதும் அவர்களே. கான் விழாவின் பக்கத்தில் 1962 முதல் ‘விமர்சகர் வாரம்’ நடக்கிறது. பிரெஞ்சுத் திரை விமர்சகர்கள் சங்கம் நடத்துவது. ஓர் இயக்குநரின் முதல் படம் அல்லது இரண்டாம் படம் மட்டுமே போட்டிக்குத் தேர்வாகும். பெயர் இல்லாத கட்டிலிருந்து இளந்தண்டை எடுக்கும் வேலை. 1930இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சர்வதேசத் திரை விமர்சகர் கூட்டமைப்பு, ஃபிப்ரெஸ்கி, உலகின் பல விழாக்களில் தன் நடுவர்களை வைத்துத் தனி விருது கொடுக்கிறது. டர்பனிலும் பெர்லின் விழாவோடு கைகோத்து ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு நடத்தும் பட்டறையில் இயக்கம், திரைக்கதையோடு படத்தைப் பற்றி எழுதுவதற்கும் பயிற்சி தந்திருக்கிறார்கள். எழுதுவதும் ஒரு கைத்தொழில் என்று ஒப்புக்கொண்டதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

டர்பன் விழா 1979இல் தொடங்கியது, நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலம். அப்போது எங்கள் பெரியவர்களுக்குத் தியேட்டர் என்றால் இந்தியர் பகுதியான கிரே தெருவும் விக்டோரியா தெருவும்தான். ‘சினிமா’ என்று அவர்கள் வாயில் வராது, ‘பயாஸ்கோப்’. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இன்றும் தியேட்டருக்கு அதுதான் பெயர். உயிரைப் பார்ப்பது என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். நல்ல சொல், எனக்கு அதை விட மனமில்லை.

விமர்சனத்தோடு பலர் போட்டுக் குழப்பும் இன்னொரு சொல் தணிக்கை. உருது வழியாக நமக்கு வந்தது; கணக்குக்கும் தணிக்கை, படத்துக்கும் தணிக்கை. விமர்சனத்துக்கும் தணிக்கைக்கும் உள்ள தூரத்தை டர்பன் ஒரு ராத்திரியில் பார்த்தது. 2013 விழாவின் தொடக்க நாள். கடற்கரைப் பக்கத்து அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. படத்துக்குப் பதில் திரையில் ஓர் அறிவிப்பு: நாட்டின் தணிக்கை அமைப்பான திரைப்பட மற்றும் பதிப்பு வாரியம் இந்தப் படத்தை வகைப்படுத்த மறுத்துவிட்டது, போட்டால் குற்றம். பிறகு மேல்முறையீட்டில் தடை நீங்கி, விழா முடிவதற்குள் படம் திரையேறியது. வாரியம் சந்தையிலேயே கட்டை வாங்கி வைத்துக்கொண்டது. ஆய்வதற்கு வீட்டுக்கு வரவே இல்லை.

பக்கத்து வீட்டு மொழியிலும் இதே பிளவு இருக்கிறது. சூலு மக்களின் இசிசூலுவில் குறை கூறலுக்கு ஒரு வினை, அலசிப் பார்ப்பதற்கு வேறொரு வினை. இரண்டாவது ‘ஹ்லாஸியா’. முதலாவதைத் தமிழில் எழுதவே வராது: நாக்கின் பக்கவாட்டில் ஒரு சொடுக்கு, மாட்டுவண்டிக்காரர் மாட்டை விரட்டும்போது போடுவாரே, கிட்டத்தட்ட அது, அதைத் தொட்டு ‘ஏக்கா’. சொல்லிப் பாருங்கள், விரட்டுவது போலவே இருக்கும்.

விழாவில் கூடி வாதிடுவது நமக்கு மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு மணிமேகலையின் முதல் காதையைக் காட்டுவேன். பெயரே விழாவறை காதை. புகாரில் இருபத்தெட்டு நாள் இந்திர விழா. யானைப் பிடரியில் முரசு ஏற்றி ஊருக்கு அறிவிக்கிறார்கள். தோரணம் கட்டுங்கள், புது மணல் பரப்புங்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, சமயவாதிகளே, பட்டிமண்டபத்தில் முறை அறிந்து ஏறுங்கள் என்கிறார்கள். அதற்கு அடுத்தபடியே இன்னொரு கட்டளை: ‘பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்’. ஆகாதவரோடு ஆனாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள். விழா, மேடை, வாதம், அடிதடி கூடாது என்ற எச்சரிக்கை, எல்லாம் ஒரே அறிவிப்பில். இன்றைக்குத் தமிழ்ப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர்களின் கீழே வரும் வசவுகளைப் பார்த்தால், முரசை இன்னொரு தடவை அறையலாம் போலிருக்கிறது.

பிரசுரத்துக்கு வருவோம். ‘குறைகூறுவோர்’ என்பதை அடித்துவிட்டு, ‘புதுப் படங்கள்: திரைத் திறனாய்வாளர்கள் கலந்துரையாடல்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தது. தாள் சிறியது, எழுத்து பெரியது. ‘திறனாய்’ வரை ஒரு வரி, மிச்சம் அடுத்த வரிக்குப் போய்விட்டது. கூட்டத்தன்று வாசலில் ஒரு மாமா பிரசுரத்தை நீட்டிப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைக் கேட்டார்:

“இந்த வாளர்கள் யாருப்பா? வாளோட வருவாங்களா?”