மருத்துவரிடம் நோயாளி உரிமையாகக் கேட்கக்கூடியவை: 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள்

இந்தியாவில் அலோபதி மருத்துவம் பார்க்கும் பதிவுபெற்ற மருத்துவர் தம் நோயாளியிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய மனசாட்சிக்கு மட்டும் விடப்பட்ட விஷயம் அன்று. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ஆம் ஆண்டு அரசிதழில் வெளியிட்ட தொழில் நடத்தை மற்றும் நெறிமுறை விதிகள் அதை எழுத்தில் வரையறுத்திருக்கின்றன. அந்தக் கவுன்சில் இப்போது இல்லை. 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய நடத்தை விதிகளை அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதத்திலேயே அவற்றை நிறுத்திவைத்து, 2002ஆம் ஆண்டு விதிகளையே நடைமுறைக்கு ஏற்றுக்கொண்டது. ஆகவே நோயாளி ஒருவர் இன்று சுட்டிக்காட்ட வேண்டியது அந்தப் பழைய விதிகளைத்தான்.

இவற்றுள் அதிகம் பயன்படக்கூடியதும், கேட்கத் தயங்குவதால் பலர் பயன்படுத்தாமல் விடுவதும் சிகிச்சை ஆவணங்கள் பற்றிய விதியாகும். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவரின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். நோயாளியோ, அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ, சட்டப்படியான அதிகாரிகளோ கேட்டால், கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அளித்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். ஆவணங்களைப் பராமரிக்காததும் கேட்டபின் தர மறுப்பதும் தொழில் ஒழுங்கீனம் என்று அதே விதிகளின் 7ஆம் அத்தியாயம் வெளிப்படையாகச் சொல்கிறது. வீடு திரும்பும்போது கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியுடன் இந்த உரிமை முடிந்துவிடுவதில்லை; அறுவை சிகிச்சைக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், செவிலியர் எழுதிய அன்றாடக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டின் நகலையும் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. தேதியிட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றால்தான் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதை நிறுவ முடியும். 3 ஆண்டுக் கணக்கு உள்நோயாளிகளின் ஆவணங்களுக்கே சொல்லப்பட்டிருப்பதால், வெளிநோயாளியாகப் போய்வருபவர்கள் தங்கள் மருந்துச் சீட்டுகளைத் தாங்களே பத்திரப்படுத்துவது நல்லது.

அடுத்தது ஒப்புதல். இங்கு விதியின் வாசகத்தை மட்டும் படித்தால் தவறான முடிவுக்கு வர நேரிடும். அறுவை சிகிச்சைக்கு முன் கணவன் அல்லது மனைவி, சிறார் எனில் பெற்றோர் அல்லது பாதுகாவலர், அல்லது நோயாளி ஆகியோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்று அது சொல்கிறது. உடலுக்கு உரியவர் வரிசையின் கடைசியில் நிற்கும் இந்த அமைப்பு, குடும்பமே முடிவெடுக்கும் என்ற பழைய எண்ணத்தின் எச்சம் என்றே கருத வேண்டியிருக்கிறது. முடிவு நோயாளிக்கே உரியது என்பதை 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு தெளிவாக்கியது. நோயறிவதற்கான லேப்ராஸ்கோபிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியாகப் பார்க்கும் முறை) ஒப்புதல் அளித்து, கருப்பையை அகற்ற ஒப்புதல் அளிக்காத ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயின் சம்மதத்தை வாங்கிக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கு அது. வயதுவந்த, தானே முடிவெடுக்கும் திறனுள்ள ஒருவருக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்றும், பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதலாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. உயிரைக் காக்கவோ உடல்நலத்தைக் காக்கவோ உடனடியாகச் செய்தே தீர வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு. அந்த மருத்துவர் தம் கட்டணத்தைக் கோர இயலாது என்பதோடு 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று தீர்ப்பானது. பறிபோனதை எண்ணிப் பார்த்தால் தொகை மிகச் சிறியது. தீர்ப்பு வகுத்த கோட்பாடோ பெரியது.

ஒப்புதல் பெறுவதற்கு முன் என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு வகுத்துள்ளது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழி இருந்தால் அது, குறிப்பிடத்தக்க அபாயங்கள், சிகிச்சை வேண்டாம் என்றால் நேரக்கூடிய விளைவுகள் ஆகியவற்றை நோயாளி அறிந்திருக்க வேண்டும். மிக அரிதாக நேரக்கூடியவற்றை எல்லாம் அடுக்கி அச்சுறுத்த வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேரும் அவசரத்தில், நிரப்பப்படாத படிவத்தில் வாங்கப்படும் கையெழுத்து இந்த அளவுகோலுக்கு ஈடுகொடுக்காது. படிவத்தில் எந்த அறுவை சிகிச்சை என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதும், புரியாததைத் தமிழில் விளக்கச் சொல்வதும் மருத்துவரை அவமதிக்கும் செயல்கள் ஆகமாட்டா.

சிகிச்சையின்போது அறிந்துகொண்ட நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. நீதிபதியின் உத்தரவின்படி நீதிமன்றத்தில் கூறுவது, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருப்பது, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொற்றுநோய் ஆகியவை இதற்கு விலக்குகள். உடன் வந்த உறவினர் என்பதே அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கும் மனநலச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் 2017ஆம் ஆண்டின் தனித்தனிச் சட்டங்கள் இந்தப் பாதுகாப்பை மேலும் வலுப்படுத்தியுள்ளன. தம் தொழில் நிலையைப் பயன்படுத்தி நோயாளியிடம் முறைகேடாக நடந்துகொள்வதும் தண்டனைக்குரிய ஒழுங்கீனமாகும்.

யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மருத்துவருக்கு உண்டு. அவசர நிலையில் அந்த உரிமை இல்லை. சிகிச்சையை ஏற்றுக்கொண்டபின் போதிய முன்னறிவிப்பு இன்றி நடுவில் கைவிடவும் கூடாது. கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிப்பது, பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிடுவது, மருந்தின் ஜெனரிக் பெயரை (நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர் அல்லாத பொதுப் பெயரை) தெளிவாக எழுதுவது, நோயாளியை அனுப்பிவைத்ததற்காகக் கமிஷன் பெறாமல் இருப்பது ஆகியவையும் விதிகளில் உள்ளன. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசும் பயணச் செலவும் பெறுவதற்கான தடை 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

விதி மீறப்பட்டால், மருத்துவர் பதிவுசெய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். தமிழ்நாட்டில் பதிவுபெற்றவர் எனில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மருந்துச் சீட்டில் உள்ள பதிவு எண் இங்குதான் உதவுகிறது. மருத்துவரின் விளக்கத்தைக் கேட்டபின், குற்றம் உறுதியானால் அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 6 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்குத் தனி அமைப்புகள் இருப்பதால் அவர்கள் மீதான புகாரை இங்கே அளிக்க முடியாது.

கவுன்சிலின் அதிகாரம் மருத்துவரின் பதிவோடு நின்றுவிடுகிறது. அது இழப்பீடு பெற்றுத் தராது. பணமாக ஈடு வேண்டுபவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் இதன் வரம்புக்குள் வரா என்று 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. கவுன்சிலின் முடிவுக்காகக் காத்திருந்து இந்த 2 ஆண்டுகளைக் கடத்திவிடும் ஆபத்து இருப்பதால், இரண்டு வழிகளும் தேவை எனில் இரண்டையும் ஒரே காலத்தில் தொடங்குவது பாதுகாப்பானது. மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியை, 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் பாதிக்கப்பட்ட மருத்துவருக்கு மட்டுமே எழுத்தில் வழங்கியிருக்கிறது. புகார் கொடுத்த நோயாளியை அந்தப் பிரிவு குறிப்பிடவில்லை. முதல் புகாரையே எல்லா ஆவணங்களோடும் முழுமையாக அளிப்பது அதனால்தான் முக்கியமாகிறது, அதற்கான ஆவணங்களைத் தருவதும் மேலே சொன்ன 72 மணி நேர விதிதான்.