தகிட தக த தக: பழைய ஜிடிஓவின் குரலும் மினுக்கும்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 1970-ஆம் ஆண்டு போன்டியாக் ஜிடிஓ கார்கள் சிலவற்றில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும். ‘எக்ஸாஸ்ட்’ என்று அதில் எழுதியிருக்கும். இழுத்தால் காரின் குரலே மாறிவிடும். அதுவரை அடக்கி வாசித்த எஞ்சின் தொண்டையைத் திறந்து உறுமும். 1969 நவம்பரில் வந்த இந்த வசதி 1970 ஜனவரியோடு நின்றுபோனது. ஜனவரி 11 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடையே வந்த ஒரு விளம்பரத்தில், இளைஞர் ஒருவர் அந்தக் குமிழை இழுப்பதைக் காட்டியிருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. விளம்பரமும் வேண்டாம், குமிழும் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அந்த ஆண்டு வெளிவந்த நாற்பதாயிரத்துச் சொச்சம் ஜிடிஓக்களில் சுமார் 230 கார்களில்தான் அது இருக்கிறது.

அப்படி ஒரு கார் துருப்பிடித்துக் கிடந்து ஒருவர் கைக்கு வந்தால், பெயிண்ட் அடித்து எஞ்சினை ஓடவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அது பழைய குரலில் பேசவேண்டும், பழைய வெளிச்சத்தில் மின்னவேண்டும். அந்தக் குரல் குழாய்களின் நீளத்திலும் அகலத்திலும் இருக்கிறது. அந்த மினுக்கு சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமே உள்ள உலோகப் படலங்களில் இருக்கிறது. இரண்டுமே இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த சங்கதி.

முதலில் குரல்.

ஜிடிஓவின் எஞ்சின் வி8. எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்கு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்சாஃப்ட் இரண்டு சுற்று முடிப்பதற்குள் எட்டும் ஒவ்வொரு முறை வெடித்துவிடும். அதாவது 90 டிகிரிக்கு ஒரு வெடி, பிசகாத காலப்பிரமாணம். அப்படியானால் சத்தமும் சீராகத்தானே இருக்கவேண்டும்? எஞ்சினை மொத்தமாகப் பார்த்தால் சீர்தான். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் இல்லை.

வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். இதை மேசைமேல் இரண்டு கைகளாலும் தட்டிப் பாருங்கள். இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. நிறுத்தாமல் நாலைந்து முறை தட்டுங்கள். அப்புறம் இடது கையை மட்டும் கவனியுங்கள். எட்டு எண்ணிக்கையில் அது விழுவது 1, 4, 6, 7-ஆவது இடங்களில். இடைவெளிகள் 3, 2, 1, 2. தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் சொன்னால் ‘தகிட தக த தக’: தகிட மூன்று, தக இரண்டு, த ஒன்று. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் கச்சிதமாக உட்காரும் கோர்வை. வலது கைக்கும் அதே துண்டுகள்தான், அடுக்கு மட்டும் வேறு: ‘த தக தகிட தக’.

அமெரிக்க வி8-இன் அந்தப் புகழ்பெற்ற ‘குடுகுடு’ உறுமல் இதுதான். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் அது நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நொடிக்கு 50 வெடிகள். ஆனால் ஒரு பக்கத்துக் குழாயில் ‘தகிட தக த தக’ என்ற முழு வரி நொடிக்கு ஆறு தடவைதான் திரும்ப வருகிறது. அவ்வளவு தாழ்ந்த அதிர்வு காதுக்குச் சுருதியாகக் கேட்காது. நெஞ்சில் துடிப்பாகத் தெரியும். நாலு சிலிண்டர் கார் இப்படித் துடிக்காமல் ஒரே சீராக இரைவதற்குக் காரணம், அதன் வெடிகள் சம இடைவெளியில் ஒரே குழாய்க்குள் வருவதுதான்.

இங்கேதான் புதுப்பிப்பவர் தவறக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி சைலன்சர் என்று போனால் இரண்டு கோர்வைகளும் கலக்காமல் காரின் வால் வரை போய்ச்சேரும். இரண்டையும் நடுவில் ஒரே குழாயில் சேர்த்துவிட்டால் இடைவெளிகள் நிரம்பிவிடும், எட்டும் சமமாகக் கேட்கும், உறுமல் மழுங்கும். இப்போது கடைகளில் பிரபலமாக இருக்கும் எக்ஸ் வடிவ இணைப்பைப் போட்டால் சத்தம் வழுவழுப்பாகி, சுருதி ஏறினாற்போல் ஆகிவிடும். எஞ்சினுக்கு அதனால் கெடுதல் இல்லை, கொஞ்சம் லாபம்கூட உண்டு. ஆனால் அது 1970-இன் குரல் அல்ல.

சரி, சைலன்சருக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு வெடிக்கும் பிறகு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. புகை மெதுவாகப் பின்னால் வரும். அலை ஒலி வேகத்தில் முன்னால் ஓடும். சூடான புகைக்குள் ஒலியின் வேகம் சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அதிகம். கணக்குக்கு நொடிக்கு 500 மீட்டர் என்று கொள்ளலாம். நொடிக்கு 50 அதிர்வு உள்ள ஓசைக்கு அங்கே ஓர் அலையின் நீளம் 10 மீட்டர். ஜிடிஓவின் நீளமே ஐந்து மீட்டரை ஒட்டித்தான். காரைப்போல் இரண்டு மடங்கு நீளமான அலையை இரண்டு விரற்கடை கண்ணாடிப் பஞ்சு குடித்துவிட முடியாது. பஞ்சு, சுருதி உயர்ந்த இரைச்சலை மட்டும் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த ஓசையை அடக்க அறைகள் வேண்டும்.

அறை என்றால், சைலன்சரின் வயிற்றைத் தகடுகளால் தடுத்து, துளைபோட்ட குழாய்களால் இணைத்திருப்பார்கள். குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் நுழையும் அலையில் ஒரு பகுதி திரும்பி ஓடும். திரும்பிய அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும்படி நீளங்களை அமைத்திருப்பார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஊம் என்று கேட்கிறதே, அதைப்போல ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் பிடித்துத் தின்னும் அறைகளும் உண்டு. ஆகவே ஒரு சைலன்சரின் குரல் அதன் உள் அளவுகளில் இருக்கிறது. வெளியே பார்க்க அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சைலன்சர்கள் முற்றிலும் வேறு குரலில் பேசலாம். மறுஉற்பத்திச் சைலன்சர் வாங்கும்போது ஓட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. இன்னொரு பக்கம், 1969 செவ்ரோலே கமேரோ காரில் ஒரு விருப்ப வசதியாக, தனி சைலன்சரே இல்லாமல் குழாயின் உள்ளேயே சிறுசிறு அறைகள் வைத்த அமைப்பு வந்தது. அதில் குழாய்தான் சைலன்சர்.

இப்போது குமிழுக்கு வருவோம். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழிறங்கி இழுக்க இழுக்க, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். ஜிடிஓ அந்த உறிஞ்சலையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டது. குமிழை இழுத்தால் உறிஞ்சல் ஒரு மெல்லிய குழாய் வழியே சைலன்சரில் உள்ள சவ்வுக்குப் போகும். சவ்வு இழுபட்டு உள்தடுப்பு திறக்கும். புகை சுற்றி வளைக்காமல் நேராக ஓடும். எதிரழுத்தம் குறைந்து எஞ்சின் இலகுவாக மூச்சுவிடும், சத்தமும் கூடவே எகிறும். ஓரளவு எதிரழுத்தம் இருந்தால்தான் எஞ்சினுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். எஞ்சினுக்கு உதவுவது எதிரழுத்தம் இல்லை. சரியான நீளத்துக் குழாயிலிருந்து சரியான நேரத்தில் திரும்பிவந்து மிச்சப் புகையை உறிஞ்சியெடுக்கும் அலை.

அந்தக் காலத்துச் சைலன்சர் அப்படியே பிழைத்திருப்பது அபூர்வம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. பக்கத்துக் கடைவரை போய்த் திரும்பும் வண்டியில் குழாய் முழுதும் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கும். அந்தத் தலைமுறைப் பெட்ரோலில் ஈயக் கலவை வேறு இருந்தது. எரிந்த ஈயம் எஞ்சினுக்குள் படியாமலிருக்கக் குளோரினும் புரோமினும் கொண்ட சேர்மங்களைச் சேர்த்தார்கள். அவை தண்ணீரோடு கூடி அமிலமாகி, சைலன்சரின் அடிவயிற்றை உள்ளிருந்தே அரித்தன.

அரிக்கிறது என்பதற்காக எவர்சில்வர் குழாய் போட்டுவிடலாமா? நிறைய பேர் போடுகிறார்கள், நீண்ட நாள் உழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் கனம் குறைந்த எவர்சில்வர் குழாய் கணகணவென்று ஒலிக்கும். பழைய எஃகு குழாயின் மந்தமான தொனி வராது. ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு எவர்சில்வரைக் குறை சொல்லமாட்டேன். 1970-ஐக் காதால் மீட்கவேண்டும் என்றால் அலுமினியம் பூசிய எஃகுதான் நான் சொல்வது.

குழாயைத் தொங்கவிடுவதும் ஒரு கணக்கு. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் நீளும். நாலு மீட்டர் குழாய் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் நீட்சி 14 மில்லிமீட்டருக்கு மேல். பின்சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் குரோம் வாய், குளிர்ந்திருக்கும்போது அழகான இடத்தில் இருந்து, சூடானதும் உடம்புத் தகட்டில் இடிக்கும். 1964, 65 ஜிடிஓக்களில் விருப்ப வசதியாக வந்த இரட்டை வாய்க் குழாய் முனைகளைப் பொருத்தும்போது இதை மனதில் வைத்தே இடைவெளி விடவேண்டும். ரப்பர் தொங்கட்டான்களுக்குப் பதிலாக இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் அந்தத் துடிப்பு முழுவதும் தரைத்தகட்டில் ஏறி, காருக்குள் பேசவே முடியாது.

மினுக்கு விஷயத்தில் முதல் பாடம், பளபளப்பெல்லாம் குரோம் அல்ல என்பது. பம்பர், குரோம் முலாம் பூசிய எஃகு. கண்ணாடியைச் சுற்றி ஓடும் பட்டைகள் பெரும்பாலும் வெறும் எவர்சில்வர். கிரில், கதவடிப் பட்டைகள் பலவும் ஆனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்த்த, அலுமினியம். எழுத்துச் சின்னங்கள் துத்தநாகக் கலவை வார்ப்பு. நாலையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோமில் லேசான நீலம் ஓடும், எவர்சில்வரில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும், அலுமினியம் வெள்ளையாகப் பனிபோர்த்தினாற்போல் இருக்கும். எல்லாவற்றையும் குரோம் முலாமுக்கு அனுப்பி ஒரே மாதிரி ஜொலிக்க வைப்பதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட அப்படி ஜொலித்ததில்லை.

எவர்சில்வர் பட்டை சொன்னபடி கேட்கும். பின்னாலிருந்து சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிச் சொட்டையை எடுக்கலாம், நயமான அரம், அப்புறம் 320-லிருந்து படிப்படியாக மெல்லிய உப்புத்தாள், கடைசியில் சுழலும் துணிச்சக்கரத்தில் மெருகேற்றும் பஃபிங். அலுமினியத்தில் அதைச் செய்தால் பஃபிங் வீல் வழுக்கிக்கொண்டே போகும். மேலே இருப்பது உலோகமே இல்லை, சில மைக்ரான் கனத்தில் கண்ணாடிபோல் கடினமான அலுமினிய ஆக்சைடு. அதைக் காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்து எடுத்து, உலோகத்தைத் தேய்த்து, கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி மறுபடி ஆக்சைடு வளர்க்கவேண்டும். பாலிஷோடு நிறுத்தினால் சில மாதங்களில் மங்கிவிடும்.

துத்தநாகச் சின்னம்தான் கண்ணீர் வரவழைக்கும். அதன்மேல் மூன்று படலங்கள்: அடியில் செம்பு, நடுவில் இருபது முப்பது மைக்ரான் நிக்கல், உச்சியில் அரை மைக்ரானுக்கும் குறைந்த குரோம். தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்தக் குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. ஒரு பொட்டு வழியாக ஈரம் துத்தநாகத்தைத் தொட்டுவிட்டால் போதும். செம்பும் நிக்கலும் பக்கத்தில் இருக்க, இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்த சின்ன பாட்டரி அங்கே உருவாகும். கரைவது எப்போதும் துத்தநாகம்தான். கரைந்தது வெள்ளைப் பொடியாக ஊதி, முலாமைக் கொப்புளம்போல் தூக்கும். மேலே கடுகளவு தெரிந்தால் அடியில் மிளகளவு குழி இருக்கும். முலாமை முழுக்கக் கழற்றி, குழிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, செம்பு ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்து, குழி நிரம்பும்வரை போகவேண்டும். வேலை செய்பவர் அவசரப்பட்டால் எழுத்தின் கூர்மையான விளிம்புகள் பஃபிங்கிலேயே கரைந்துபோகும்.

1964 ஜிடிஓவின் முன்சக்கரத்துப் பக்கத் தகட்டுச் சின்னத்தில் ‘6.5 லிட்டர்’ என்று இருக்கும். எஞ்சின் 389 கன அங்குலம். கணக்குப் போட்டால் 6.4 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அது அப்படியே இருக்கவேண்டும், திருத்தக்கூடாது. 1964, 65 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஜிடிஓ தனி மாடல்கூட இல்லை, போன்டியாக்கின் லெமான்ஸ் காருக்கான விருப்பப் பொதி. 1966-இல்தான் தனி மாடல் ஆனது. அதனால் லெமான்ஸில் சின்னம் ஒட்டி ஜிடிஓ என்று விற்பவர்கள் உண்டு. போன்டியாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம், பிஎச்எஸ் என்ற ஆவணச் சேவையில் வண்டி எண்ணைக் கொடுத்தால் தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகல் கிடைக்கும். என்னென்ன வசதிகளோடு அந்தக் கார் பிறந்தது என்பது அதில் இருக்கும். ஒரு துளை போடுவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

1968-லிருந்து முன்பக்க மினுக்கில் பாதி காணாமலே போனது. உடம்பின் நிறத்திலேயே, எண்டியூரா என்ற ரப்பர் போன்ற பொருள் போர்த்திய மூக்கு வந்தது. சுத்தியால் அடித்தாலும் பழைய வடிவத்துக்கு வரும் என்று விளம்பரத்தில் அடித்தே காட்டினார்கள். ஐம்பது ஆண்டு வெயில் அதை இறுக்கி வெடிக்க வைத்திருக்கும். வெடிப்பை அடைத்தபின் பூசும் பெயிண்டில் வளையும் தன்மைக்கான கலவை சேர்க்காவிட்டால் மூக்கு வளையும், பெயிண்ட் வளையாது.

எல்லாம் பூட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது குழாய் முனையிலிருந்து கருப்பாகத் தண்ணீர் சொட்டும், புதுக் குழாயின் எண்ணெய் எரிந்து புகையும். பயப்பட வேண்டாம். இருபது நிமிடம் ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, ஒவ்வொரு கிளாம்பையும் இன்னொரு சுற்று இறுக்குங்கள். அப்புறம் மறுபடி ஓடவிட்டு, பின்னால் போய் இடது குழாயின் பக்கம் குந்தி உட்கார்ந்து கேளுங்கள். தகிட தக த தக.