சமதரையில் ஓடும், மேட்டில் திணறும்: இக்னிஷன் காயில் கெடுவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் கார் பழசு. சமதரையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் மிஸ்ஸிங் அடித்துக் குலுங்குகிறது. காயில் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். போய்விட்ட காயில் சமதரையில் மட்டும் எப்படி வேலை செய்யும்?"

மிக நல்ல கேள்வி. பல்பு எரியும் அல்லது எரியாது. ஃபியூஸ் இருக்கும் அல்லது போய்விடும். காயிலையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் மெக்கானிக் சொல்வது நம்பும்படியாக இருக்காது. ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஏன் என்று புரிய, காயில் மின்னழுத்தத்தை எப்படி உண்டாக்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் நான்கு ஸ்ட்ரோக்குகள் பள்ளியில் படித்தவைதான். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன, பிஸ்டன் அமுக்குகிறது, ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது, கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, புகை வெளியேறுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 25 பொறிகள் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். அதைப் பொறி தட்டும் அளவுக்கு உயர்த்துவதுதான் இக்னிஷன் காயிலின் வேலை.

காயிலைப் பிரித்தால் நடுவில் இரும்புத் தகடுகளாலான உள்ளகம் இருக்கும். அதன்மேல் தடித்த செம்புக் கம்பி சில நூறு சுற்றுகள். இது முதன்மைச் சுருள். தலைமுடி போன்ற கம்பி அதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள். இது துணைச் சுருள். மின்மாற்றிப் பாடம் நினைவிருப்பவர்கள் உடனே கணக்குப் போடுவார்கள்: 12 வோல்ட், நூறு மடங்கு, 1,200 வோல்ட். அது போதாது. பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டத் திறந்த காற்றிலேயே 3,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சிலிண்டருக்குள் அதைப்போலப் பல மடங்கு. அந்த வோல்ட் எங்கிருந்து வருகிறது?

மின்சாரத்தை நிறுத்துவதிலிருந்து வருகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

முதலில் ஒரு டிரான்சிஸ்டர் முதன்மைச் சுருளைப் பேட்டரியோடு இணைக்கிறது. மின்னோட்டம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடாது. வளரும் காந்தப்புலமே அதை எதிர்த்துக்கொண்டிருக்கும். அதனால் அது மெல்ல ஏறி, ஏறத்தாழ 3 மில்லி நொடியில் 7, 8 ஆம்பியரை எட்டும். அதற்குள் ஆற்றல் காந்தப்புலமாகச் சேர்ந்திருக்கும். பொறி வேண்டிய அந்தத் துல்லியமான கணத்தில் டிரான்சிஸ்டர் இணைப்பை அறுக்கிறது. மெல்ல எழுந்த காந்தப்புலம் இப்போது நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் சரிகிறது.

மின்தூண்டலில் காந்தப்புலம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும். வேகமாக ஓடும் குழாய்த் தண்ணீரைச் சட்டென்று மூடினால் குழாயே அதிர்கிறதே, அதுபோல அறுபட்ட மின்னோட்டம் முதன்மைச் சுருளில் மட்டுமே 300, 400 வோல்ட்டை எழுப்பிவிடுகிறது. இந்த 400-ஐ நூறால் பெருக்குங்கள்: 40,000 வோல்ட். பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயின்ட் செய்த வேலையும் இந்த அறுப்புதான். இன்று டிரான்சிஸ்டர் அதை இன்னும் கூர்மையாகச் செய்கிறது.

1831-இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டார். 1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியாராகவும் பேராசிரியராகவும் இருந்த நிக்கலஸ் கேலன், இரும்பின்மேல் இரு சுருள்களைச் சுற்றி, மின்சாரத்தை அறுத்து அறுத்து உயர் மின்னழுத்தம் எடுத்துக் காட்டினார். பாரிஸில் ரும்கார்ஃப் அந்தச் சுருளை மெருகேற்றினார். 1860-இல் லெனுவா தன் வாயு எஞ்சினில் பொறிக்காக அதைப் பொருத்தினார். ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கியதும், 1895-இல் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டதும் இத்தகைய சுருள்களை வைத்துத்தான். கேலனிடம் "இதனால் மூன்று ஆண்டுகளில் என்ன பயன்?" என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் என்ன பதில் இருந்திருக்கும்? இன்று ஆராய்ச்சி நிதி கேட்டு வரும் இளைஞர்களிடம் முதலில் நீட்டப்படும் கேள்வி அதுதான். பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மேட்டுக்கு வருவோம். 40,000 வோல்ட் என்பது காயிலால் முடிகிற உச்சம். ஒவ்வொரு பொறிக்கும் அவ்வளவு எழுவதில்லை. துண்டித்ததும் மின்னழுத்தம் ஏறத் தொடங்கும். பிளக்கின் இடைவெளி எந்த அளவில் உடைகிறதோ அங்கேயே ஏற்றம் நின்றுவிடும். 12,000-இல் உடைந்தால் 12,000 தான். பிறகு மின்னழுத்தம் மளமளவென்று இறங்கி, மிச்ச ஆற்றல் ஒன்றிரண்டு மில்லி நொடிக்குப் பொறியாக எரிந்து தீரும். எவ்வளவு வோல்ட் என்பதைக் கேட்பது பிளக். காயில் கொடுக்கிறது, அவ்வளவே.

பிளக் கேட்கும் அளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வாயு நெருக்கமாக இருந்தால் அதில் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும் என்று 1889-இல் பாஷன் அளந்து காட்டினார். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது காற்று வரும் வழியில் உள்ள கதவான திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் வரும் காற்று குறைவு, அமுக்கியபின் அழுத்தமும் குறைவு. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் காற்று நிறைய வருகிறது, அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது, பிளக் கேட்கும் வோல்ட்டும் அதோடு ஏறுகிறது.

இப்போது வயதான காயிலை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் தலைமேல் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறிச் சூடேறி, எபாக்சிப் பூச்சில் நுண்ணிய விரிசல்கள் விட்டிருக்கும். அந்த மின்காப்பு 18,000 வோல்ட் வரைதான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் பிளக் 12,000 கேட்கிறது. பொறி பிளக்கில் விழுகிறது. மேட்டில் 20,000 கேட்கிறது. அதற்கு முன்பே காயிலுக்குள் விரிசல் வழியாகப் பொறி பாய்ந்துவிடுகிறது. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. வண்டி குலுங்குகிறது. உள்ளே பாய்ந்த ஒவ்வொரு பொறியும் எபாக்சியைக் கருக்கிக் கரித்தடம் போட்டுவிடுவதால், அடுத்த பொறிக்கு அந்த வழி இன்னும் எளிதாகிவிடும். இன்று மேட்டில் மட்டும் வரும் மிஸ்ஸிங் நாளடைவில் சமதரைக்கும் வருவது இப்படித்தான்.

தேய்ந்த பிளக் இதில் பெரிய குற்றவாளி. இடைவெளி அகல அகல அது கேட்கும் வோல்ட் கூடும். காயில் நாள் முழுக்கத் தன் உச்சத்தை ஒட்டியே உழைக்கும். பிளக்கை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதிய காயிலும் அதே வழியில் போகும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதில் ஒரு அழகு இருக்கிறது. காரின் கணினி பொறியைப் பார்ப்பதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல் சக்கரத்தின் பற்கள் கடக்கும் நேரத்தை அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்தச் சுற்றில் சக்கரம் துளி மெதுவாகிறது. அதை வைத்து இரண்டாம் சிலிண்டர் என்றால் பி0302 என்று குறியீடு பதிக்கிறது. பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் இல்லாமல் மாறி மாறி வருகிறது என்று பொருள். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் வண்டியை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

ஆனால் பி0302 காயிலைக் கைகாட்டவில்லை, சிலிண்டரை மட்டும்தான் காட்டுகிறது. பிளக்கோ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதை இரண்டாவதற்கும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆனால் குற்றம் காயிலோடு நகர்ந்திருக்கிறது. பி0302 ஆகவே இருந்தால் காயில் நிரபராதி. பிளக்கையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். மல்டிமீட்டரை இதில் நான் அதிகம் நம்புவதில்லை. சில வோல்ட்டில் அளக்கும் கருவிக்கு 20,000 வோல்ட்டில் திறக்கும் விரிசல் தெரியாது. காயிலைக் கழற்றி எஞ்சின்மேல் காட்டிப் பொறி பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும். பொறி பாய இடமில்லாமல் போனால் நல்ல காயிலும் உள்ளுக்குள் உடையும்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. எஞ்சின் முழுக்க ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு பழைய வண்டியில் முறுகிப்போய் இருக்கும், பொறுமையாக அழுத்துங்கள். போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகி நேராக இழுங்கள். பிளக் இருக்கும் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது; அதைச் சரிசெய்யாமல் புதிய காயிலைப் போட்டால் அதன் ரப்பரையும் எண்ணெய் தின்றுவிடும். பிளக்கின் இடைவெளியை வண்டியின் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். புதிய காயிலின் ரப்பருக்குள் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸைத் துளி தடவி, பிளக்கில் நன்றாக உட்காரும் வரை அழுத்தி, போல்ட்டை அளவோடு முறுக்குங்கள்.

ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? எல்லாக் காயில்களும் ஒரே வயது, ஒரே சூட்டில் வெந்தவை. எட்டுவதற்கு எளிதான இடத்தில் இருந்தால் போனதை மட்டும் மாற்றி, பிளக்குகளை முழு செட்டாகப் போடுவேன். காயிலை எட்டவே பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டிய அமைப்பென்றால் ஒரேயடியாக மாற்றிவிடுவேன். "அதிக வோல்ட், அதிக மைலேஜ்" என்று விற்கப்படும் காயில்களுக்குப் பணம் தர வேண்டாம். சாதாரண எஞ்சினில் பிளக் கேட்பதற்கு மேல் ஒரு வோல்ட்டும் அங்கே எழாது.