புதிதாகத் திரித்த மாவும் ஒரு விரல் ருசியும்

பழ ஸ்கோன் (ஓவனில் வேகவைக்கும், ரொட்டி போன்ற சின்ன இனிப்புப் பண்டம்) சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. வெண்ணெய், சர்க்கரை, உலர் திராட்சை எல்லாம் சேர்ந்து மாவு திரண்டு வந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தை பாத்திரத்தின் ஓரத்தை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்துக்கொள்ளும். "முட்டை சேர்க்கலையே, பரவாயில்லை. அதுவும் இப்பத்தான் வீட்டில் திரிச்ச மாவு" என்பார் அம்மா.

அந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிடுவேன். முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மாவை வாயில் வைக்கக் கூடாது. கோதுமை திறந்த வெளியில் விளைகிறது. பறவை எச்சமும் சாணமும் அசுத்தமான தண்ணீரும் அதில் படலாம். அப்படித் தொற்றும் சால்மோனெல்லா, ஈ.கோலை கிருமிகள் உலர்ந்த மாவில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். திரிக்கும்போது மாவு சூடாகிறதே என்று கேட்பார்கள். அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதாது. வாணலியில் வறுத்தாலும் நம்ப முடியாது. ஈரமில்லாத மாவில் கிருமிகள் சூட்டை அதிகம் தாங்கும்.

சில வகை ஈ.கோலை ரத்தம் கலந்த பேதியைக் கொண்டுவரும். சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். கர்ப்பிணிகளும் முதியவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பேதியில் ரத்தம் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, ஓவனில் வெந்துவிட்டால் கவலை இல்லையே என்றால், உள்ளே வரை வேக வேண்டும். இங்கேதான் முழு கோதுமை மாவு ஏமாற்றும். தவிடு சேர்ந்த மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்பாகத்தான் இருக்கும். அதனால் மேல்நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். திராட்சையைச் சுற்றி ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் மறுபடி உள்ளே வையுங்கள். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 93 டிகிரி செல்சியஸ் தாண்டியிருக்க வேண்டும்.

நடுப்பகுதி வேகாமல் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்குதான் காரணம். நான் எடுக்கும் அளவு: 250 கிராம் மாவு, 60 கிராம் வெண்ணெய், 40 கிராம் சர்க்கரை, 75 கிராம் திராட்சை, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, சுமார் 160 மில்லி பால். இப்போது திரித்த மாவு பொலபொலவென்று காற்றோடு இருக்கும். கப்பில் அளந்தால் குறைந்துவிடும், அதனால் எடை போடுங்கள். சூடாக இருந்தால் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள், இல்லையென்றால் வெண்ணெய் உருகிவிடும். பால் ஊற்றிக் கலந்த முதல் நிமிடத்தில் மாவு கையெல்லாம் ஒட்டும். உடனே இன்னும் ஒரு கைப்பிடி மாவைத் தூவத் தோன்றும். தூவாதீர்கள். தவிடு மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 20 நிமிடம் விடுங்கள். திரும்ப எடுத்துத் தொட்டால் அதே மாவு விரலை விட்டு விலகும், வெண்ணெயும் இறுகியிருக்கும். பேக்கிங் பவுடருக்குப் பதில் சோடாவும் மோரும் சேர்ப்பவர்கள் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. சோடா மோரோடு சேர்ந்த நொடியே பொங்க ஆரம்பித்துவிடும்.

திராட்சையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரம் சொட்டச் சொட்டப் போட்டால் அதைச் சுற்றியுள்ள மாவு வேகாது. அப்புறம் இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, அச்சைத் திருகாமல் நேராக அழுத்தி வெட்டி, 220 டிகிரியில் சுமார் 15 நிமிடம்.

வெந்ததை, பச்சை மாவு தூவிய அதே பலகையில் ஆறவைப்பதையும் பார்த்திருக்கிறேன். பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையையும்.

மிச்ச மாவு விஷயம் சுருக்கமாக. கோதுமையின் முளையிலும் தவிட்டிலும் எண்ணெய் இருக்கிறது. திரித்ததும் அது காற்றோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கும். வேண்டிய அளவு மட்டும் திரியுங்கள். மீந்தால் காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். காறல் வாடையோ கசப்போ வந்த மாவை இனிப்பு சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, என்னிடம் பலர் கேட்கும் கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் திரித்த மாவில் செய்தால் சாப்பிடலாமா? கூடாது. திரிப்பதால் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் போய்விடாது. சீலியாக் நோய் (குளூட்டன் உள்ளே போனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவருக்கு அரை ஸ்கோன்கூடக் குடலைப் புண்ணாக்கும். அவருக்கென்று வேறு தானியத்தைத் திரிப்பதாக இருந்தாலும், கோதுமை ஓடிய மிஷினில் திரிக்காதீர்கள்.